அந்தி திறக்கும் வழி

சென்னை மயிலாப்பூரில், கடலை நோக்கிய காமராசர் சாலையில், அகில இந்திய வானொலி நிலையம் அமைந்துள்ளது. நகரில் ஒலிபரப்புத் தோன்றிய வரலாற்றை ஆராயப் புகுவோர், அரசினர் முயற்சிக்கு முன்னரே ஆர்வலர் சிலர் இத்துறையில் உழைத்தமையைக் காண்பர். சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று நடத்த, 1924-ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள் அது ஒலிபரப்பைத் தொடங்கியது. கருவியின் ஆற்றல் 40 வாட். வீட்டில் எரியும் ஒரு குண்டுவிளக்கின் ஆற்றலே அது. பணமுடையால் 1927-இல் கழகம் ஓய்ந்தது. அதன் கருவி மாநகராட்சியின் கைக்கு வந்து, 1930 முதல் கடற்கரையிலும் பூங்காக்களிலும் மக்களுக்கு இசை வழங்கிற்று.

ஊதியம் கருதாது, ஆர்வமே பொருளாகக் கருவி அமைத்து, அரசின் உரிமம் பெற்றுத் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்வோரை அமெச்சூர் வானொலியார் என்பர். அமெரிக்க அரசு 1912-இல் இயற்றிய சட்டம், நீண்ட அலைகளையெல்லாம் கப்பல்களுக்கும் வணிகத்திற்கும் ஒதுக்கி, 200 மீட்டரும் அதற்குக் குறைந்தனவுமான அலைகளையே இவர்களுக்கு விட்டது. அவை நெடுந்தொலைவு செல்லமாட்டா என்பது அந்நாளைய அறிஞர் கருத்து. கூரிய அறிவினரும் சிலபோது நல்ல நிலத்தைக் களர் என்று தள்ளிவிடுவதுண்டு.

சென்னையில் கழகம் ஒலிபரப்பத் தொடங்கிய அதே 1924-இன் அக்டோபர் 18-ஆம் நாள், இலண்டன் மாநகரின் வடபால் உள்ள மில் ஹில் பள்ளியில் செசில் கோய்டர் என்னும் பதினெட்டு வயது மாணவன், தன் கருவியில் ஓர் அழைப்பைக் கேட்டான். அழைத்தவர் பிராங்க் பெல். அவர் இருந்த இடமோ நியூசிலாந்தின் தென்தீவில், ஆட்டுப் பண்ணைகள் நிறைந்த ஷாக் பள்ளத்தாக்கு. இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 19,000 கிலோமீட்டர்! உலகில் இதனினும் மிகச் சேய்மையான இரண்டு இடங்களைக் காண்பது அரிது. இருவரும் மோர்ஸ் குறியீட்டால் உரையாடினர். அப்பொழுது மில் ஹில்லில் விடியற்காலம். பெல்லின் பண்ணையில் அந்திப்பொழுது.

இக்குறிப்பே இவ்வரலாற்றின் உயிர்நிலை. இரு முனைகளிலும் பகலும் இரவும் சந்திக்கும் வேளையாக இருந்தமை ஏன் உதவிற்று என்பதை இனிக் காண்போம்.

நிலத்திற்கு மேலே 60 கிலோமீட்டர் முதற்கொண்டு, கதிரவன் ஒளியால் காற்றின் அணுக்கள் சிதைந்து மின்தன்மை பெற்ற அடுக்குகள் உள்ளன. இத்தகைய ஓர் அடுக்கு இருத்தல் வேண்டும் என்று 1902-இல் கென்னலியும் ஹெவிசைடும் தனித்தனியே கூறினர். அதனைச் சோதனையால் மெய்ப்பித்தவர் ஆப்பிள்டன். அதுவும் 1924-ஆம் ஆண்டு டிசம்பரில். இவ்வடுக்குகளுள் கீழே கிடப்பது 'டி' அடுக்கு. மேலே 200 கிலோமீட்டருக்கு அப்பால் பரந்திருப்பது 'எஃப்' அடுக்கு. மேலடுக்கு அலையைத் திருப்பி நிலத்திற்கு அனுப்பும் நண்பன். கீழடுக்கோ வழிப்பறிக்காரன். அலையால் அசைக்கப்பட்ட மின்னணுக்கள், அங்கே நெருங்கியுள்ள காற்றின் மூலக்கூறுகளோடு மோதி, அலையின் ஆற்றலை வெப்பமாக வீணாக்கிவிடுகின்றன. அலை நீளுந்தோறும் இழப்பும் மிகும். ஆதலின் அமெச்சூர் வானொலியார்க்கு உரிய 160, 80, 40 மீட்டர் அலைகள் நண்பகலில் நெடுந்தொலைவு செல்ல இயலாமல் மெலிகின்றன.

பொழுது சாய்ந்ததும் நிலைமை மாறுகிறது. கீழே காற்று செறிந்திருத்தலால், பிரிந்த மின்னணுக்கள் விரைந்து கூடிவிட, 'டி' அடுக்கு கரைகிறது. மேலே காற்று மிக நொய்ம்மையானது. அங்கே கூடுதல் மெல்ல நிகழும். அன்றியும், மலையடிவாரச் சிற்றூரில் விளக்கேற்றிய பின்னும் உச்சிப்பாறையில் வெயில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் போல, நிலம் இருண்ட பின்னும் 'எஃப்' அடுக்கில் வெயில் காய்கிறது. வழிப்பறிக்காரன் நீங்க, நண்பன் நிற்கும் வேளை அது. பகலையும் இரவையும் பிரித்து உலகைச் சுற்றிக் கிடக்கும் இவ்வந்தி வளையத்தின் நெடுகிலும், அலைகள் வியக்கத்தக்க அளவு இழப்பின்றிச் செல்கின்றன. வைகறை, எற்பாடு என்று சிறுபொழுதை நுணுகிப் பகுத்த தமிழர்க்கு, பொழுதின் எல்லைகள் தனிச் சிறப்புடையன என்பது புதிய செய்தியன்று; ஆனால் வானொலியும் அவ்வெல்லையைப் போற்றும் என்பதை எவர் எண்ணியிருப்பர்?

சென்னையிலிருந்து இவ்வழி எத்திசையிற் செல்லும்? பங்குனியிலும் புரட்டாசியிலும் இரவும் பகலும் ஒத்திருக்கும் நாளில் அந்தி வளையம் நேர் வடக்கு-தெற்காகக் கிடக்கும். மார்கழி மாலையிலோ அது வடக்கிலிருந்து மேற்கே ஏறத்தாழ 24 பாகை சாய்ந்து, பின்லாந்து முதலிய வட ஐரோப்பிய நாடுகளின் திசையை நோக்கும். அவ்வேளையில் அந்நாட்டு நிலையங்களின் குரல் சென்னையில் எழுந்து, பின் அமிழ்ந்துபோவதுண்டு. ஐரோப்பியர் இவ்வகையில் நம்மினும் பேறு பெற்றவர். அங்கே கதிரவன் சாய்வாக இறங்குவதால் அந்தி நீடிக்கும். இங்கே ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதால், மயிலாப்பூர் மாடியில் கருவியுடன் அமர்ந்தவர்க்குக் கருக்கல் 22 நிமிட அளவே.

இடையூறுகள் வேறும் பல. 80 மீட்டர் அலைக்கு நன்கு இசைந்த கம்பி 40 மீட்டர் நீளம் வேண்டும். தியாகராய நகரில் வீடு நெருங்கிய தெருவில் அதனை எங்கே கட்டுவது? வடகிழக்குப் பருவத்து இடி மின்னல்கள் காதில் பொரிந்து தள்ளும். இக்காலத்து மின்விளக்குகளும் மின்னேற்றிகளும் எழுப்பும் இரைச்சல் மற்றொரு தொல்லை. அடையாற்றின் முகத்துவாரம் போன்ற உப்புநீர்ப் பாங்கான இடங்கள் அலையைத் தாழ்ந்த கோணத்தில் தொலைவுக்குச் செலுத்த உதவுவன எனினும், அங்கே வீடு வாய்த்தவர் சிலரே.

மில் ஹில் மாணவன் கோய்டர் பின்னர் 1936-இல் இந்தியாவுக்கு வந்து, அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியாளரானார். அவர் அப்பதவியில் இருந்த காலத்திலேயே, 1938 ஜூன் 16-ஆம் நாள் சென்னை நிலையம் திறக்கப்பெற்றது. பரந்த இந்நாட்டிற்குச் சிற்றலை ஒலிபரப்பு இன்றியமையாதது என்று அவர் கொண்டதில் வியப்பில்லை. அதன் வன்மையைப் பள்ளிப் பருவத்திலேயே தம் காதால் அறிந்தவர் அவர்.

இத்தகையோர் பொழுதுபோக்கு வீண்செயல் என்பாரும் உளர். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கித் தொலைபேசி அற்றபோது, அங்கே தம் விருப்பத்தின் பொருட்டு வந்திருந்த அமெச்சூர் வானொலிக் குழுவினரே, உற்றார் நலம் அறியத் தவித்தவர்க்குச் செய்தி கடத்தினர்.

இன்னும் விளங்காத ஒன்றும் உண்டு. 1927-இல் நார்வே நாட்டுப் பொறியாளர் யோர்கன் ஹால்ஸ், ஆலந்து நாட்டுச் சிற்றலை நிலையமொன்றின் ஒலியைக் கேட்டபொழுது, மூன்று நொடிக்குப் பின் அதன் எதிரொலியையும் கேட்டார். அலை உலகை ஒருமுறை சுற்றிவர நொடியில் ஏழில் ஒரு பங்கே போதும். மூன்று நொடி அது எங்கே தங்கியிருந்தது? ஸ்டோர்மர் என்னும் பேராசிரியர் அடுத்த ஆண்டு சோதித்தபோது, 15 நொடி வரை தாமதித்தனவும் கேட்டன. விளக்கங்கள் பல கூறப்பட்டுள்ளன. அனைவரும் ஒப்பிய விளக்கம் இன்றுவரை எதுவும் இல்லை.