கடைக்கு இணைய முகவரி வாங்கும் முன்

மனதில் வைத்திருக்கும் பெயரை யாருக்காவது போனில் சொல்லி, ஆங்கிலத்தில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதினால் அந்தப் பெயர் சிக்கல்தான். தமிழ்ப் பெயர்களுக்கு இந்தச் சோதனை கட்டாயம். ‘வாழை இலை’ என்றால் ழகரத்துக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் வெறும் எல். ‘வா’வுக்கு ஒரு ஏ-யா, இரண்டு ஏ-யா என்பது தனிப் பஞ்சாயத்து. அதே பெயர்தான் வேண்டும் என்றால் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களையும் வாங்கி, எல்லாவற்றையும் ஒரே தளத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

நீளம் 63 எழுத்து வரை போகலாம். ஆனால் 15-ஐத் தாண்டினாலே கடை போர்டில் இடிக்கும். இடைக்கோடும் எண்ணும் வேண்டாம். டாட் காம் கிடைக்கவில்லையா? உள்ளூர் வியாபாரத்துக்கு டாட் இன் தாராளமாகப் போதும்.

பணம் கட்டும் முன் வர்த்தக முத்திரைப் பதிவேட்டின் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். இலவசம்தான். வேறொருவரின் பதிவு பெற்ற பெயர் என்றால் முகவரியே கைவிட்டுப் போகலாம்.

பலரும் கோட்டை விடுவது ஒன்று உண்டு. பதிவு உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும். தளம் செய்து கொடுத்த தம்பியின் பெயரில் இருந்தால், அவர் வேலை மாறிப் போனதும் அவரைத் தேடி அலைய வேண்டிவரும். முதல் ஆண்டு மலிவு விலையில் மயங்காமல் புதுப்பிப்புக் கட்டணத்தைக் கேளுங்கள். டாட் காம், டாட் இன் இரண்டையும் 10 ஆண்டு வரை மொத்தமாகவே பதிந்துகொள்ளலாம்.