வரைகலை நினைவகம்: அளவும் விரைவும்

மாணவர்களே, மடிக்கணினி விற்கும் கடைகளின் விளம்பரத் தாள்களைப் பார்த்திருப்பீர்கள். "4 ஜி.பி. கிராஃபிக்ஸ்" என்று அவற்றில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பர். அந்த நினைவகம் எவ்வகையைச் சார்ந்தது என்பது சிறிய எழுத்தில் இருக்கும். சில தாள்களில் இருக்கவே இராது. விளையாட்டு சீராக ஓடுமா, தயங்கித் தயங்கி நகருமா என்பதில் அவ்வகைக்குப் பெரும்பங்கு உண்டு.

திரையில் தோன்றும் ஒவ்வொரு காட்சியும் படப்புள்ளிகளால் ஆனது. 1920 × 1080 அளவுள்ள திரையில் ஏறத்தாழ 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க 4 பைட் எனக் கொண்டால், ஒரு காட்சிக்கு ஏறக்குறைய 83 லட்சம் பைட் வேண்டும். விநாடிக்கு 60 காட்சிகள் எனில், ஏறத்தாழ 50 கோடி பைட். இது வரைந்து முடித்த படத்தை எழுதிவைப்பதற்கு மட்டுமே. சுவரின் செங்கல், மரத்தின் பட்டை, வீரனின் உடை ஆகியவற்றின் மேற்பரப்புப் படங்களை வரைகலைச் செயலி நினைவகத்திலிருந்து மீண்டும் மீண்டும் எடுக்கிறது. எது முன்னே, எது பின்னே என்னும் கணக்கையும் அங்கேயே எழுதி மாற்றுகிறது. ஆதலால் உண்மையான போக்குவரத்து இதனினும் பன்மடங்கு மிகுதி.

மொட்டை மாடியில் எவ்வளவு பெரிய தண்ணீர்த் தொட்டி இருப்பினும், அதிலிருந்து இறங்கும் குழாய் மெல்லியதாயின் வாளி நிரம்ப நெடுநேரம் ஆகும். ஜி.பி. என்பது தொட்டியின் கொள்ளளவு. நினைவகத்தின் வகையும் பாதையின் அகலமும் சேர்ந்தே குழாயின் பருமனைத் தீர்மானிக்கின்றன.

என்விடியா நிறுவனம் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட ஜிஃபோர்ஸ் 940எம்எக்ஸ் இதற்கு நல்ல சான்று. பெயர் ஒன்றே, ஆயினும் சில மடிக்கணினிகளில் அது டி.டி.ஆர்.3 நினைவகத்துடனும், சிலவற்றில் ஜி.டி.டி.ஆர்.5 நினைவகத்துடனும் வந்தது. இரண்டிலும் பாதையின் அகலம் 64 பிட், அதாவது 8 பைட். முதலாவது விநாடிக்கு ஏறத்தாழ 200 கோடி முறை தரவை அனுப்பும். எனவே 16 ஜி.பி. கடக்கும். இரண்டாவது ஏறத்தாழ 500 கோடி முறை அனுப்பும். எனவே 40 ஜி.பி. கடக்கும். 4 ஜி.பி. டி.டி.ஆர்.3 உள்ளதை விட 2 ஜி.பி. ஜி.டி.டி.ஆர்.5 உள்ளதே பல விளையாட்டுகளில் நன்றாக ஓடியதன் காரணம் இதுவே. பெயரை மட்டும் கேட்டு வாங்கியவர்க்கு இவ்வேறுபாடு தெரிய வழியில்லை. வாங்குவோர்க்கு இது நியாயமன்று என்பதே என் கருத்து.

குழாய் இரண்டரை மடங்கு பெரிதானால் விளையாட்டும் இரண்டரை மடங்கு விரைவாகுமா? ஆகாது. செயலியின் கணிப்புத் திறனுக்கும் ஓர் எல்லை உண்டு. மடிக்கணினியில் வெப்பமும் குறுக்கே நிற்கும். கொள்ளளவும் புறக்கணிக்கத் தக்கதன்று. தொட்டி போதாதபோது, தரவு கணினியின் பொது நினைவகத்திலிருந்து சுற்றி வர நேரும். காட்சி திடீரெனத் தடுமாறும். மெல்லிய குழாய் உடையவர்கள் விளையாட்டின் அமைப்பில் 1366 × 768 அளவைத் தேர்ந்தால், புள்ளிகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்து ஓட்டம் சீராகும்.

தனி வரைகலை நினைவகமே இல்லாத மடிக்கணினிகளும் உண்டு. அவை பொது நினைவகத்தையே கடனாகப் பெறுகின்றன. டி.டி.ஆர்.4-3200 வகையில் ஒற்றை வழியில் விநாடிக்கு 25.6 ஜி.பி. கடக்கும், இரண்டு அட்டைகளைப் பொருத்தி இரட்டை வழியாக்கினால் 51.2 ஜி.பி. கடக்கும். காலியிடம் உள்ள கணினியில் இரண்டாம் அட்டையைப் பின்னரும் பொருத்தலாம். தனி வரைகலை நினைவகமோ பெரும்பாலும் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னர் மாற்ற இயலாது. ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்பே வகையைக் கேட்டறிதல் வேண்டும். ஜி.பி.யூ.-இசட் என்னும் சிறு மென்பொருள் வகை, அகலம், கடத்துவேகம் மூன்றையும் காட்டும்.

சொற்பொருள்
கொள்ளளவு – ஒன்றினுள் அடங்கும் அளவு
பருமன் – தடிப்பு
கடத்துவேகம் – ஒரு விநாடியில் கடக்கும் தரவின் அளவு

பயிற்சி
1. பிரித்து எழுதுக: நினைவகம், கொள்ளளவு, மடிக்கணினி.
2. ஒரு ஜி.டி.டி.ஆர்.6 நினைவகத்தின் பாதை 128 பிட் அகலம் உடையது. விநாடிக்கு 1,200 கோடி முறை தரவை அனுப்புகிறது. அதன் கடத்துவேகம் யாது?
3. ஊரில் உள்ள உங்கள் சித்தப்பா, தம் மகளுக்கு மடிக்கணினி வாங்க இருக்கிறார். கடையில் அவர் கேட்க வேண்டிய மூன்று வினாக்களைக் கூறி அவருக்குக் கடிதம் எழுதுக.