சாரலுக்கு எந்த ஐஎஸ்ஓ?

ஜூன் பிறந்து தென்மேற்குக் காற்று மலையைத் தாண்டி வீசத் தொடங்கியதும் கடையநல்லூர், தென்காசிப் பக்கம் வெளிச்சத்தின் குணமே மாறிவிடும். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தித் தோட்டம் வெயிலில் பளபளக்கும். அதே நேரத்தில் குற்றாலத்தில் மேகம் மலையைவிட்டுக் கீழே இறங்கி நிற்கும். வயலில் ஐஎஸ்ஓ 100 என்று வைத்த கேமராவை அப்படியே அருவிக்குக் கொண்டுபோகிறவர்களின் படங்கள்தான் பெரும்பாலும் கலங்கிப்போகின்றன.

ஃபிலிம் காலத்தில் வேறு வழியில்லை. 100 ரோல் போட்டால் 36 படமும் 100-தான். அமெரிக்காவின் ஏஎஸ்ஏ, ஜெர்மனியின் டின் என்று இருந்த இரண்டு ஒளியுணர்வு அளவைகளும் 1974-இல் ஐஎஸ்ஓ என்ற ஒரே பெயருக்குள் வந்தன. டிஜிட்டலில் ஒவ்வொரு படத்துக்கும் அதை மாற்றலாம். மாற்றாமல் விடுவதற்குக் காரணம் சோம்பல் இல்லை, பயம். ஐஎஸ்ஓ கூடினால் படத்தில் புள்ளி விழும் என்ற பயம்.

அந்தப் பயத்தில் பாதிதான் உண்மை. ஐஎஸ்ஓவை ஏற்றினால் சென்சார் கூடுதல் வெளிச்சத்தை வாங்குவதில்லை. வாங்கியதைப் பெருக்கிக் காட்டுகிறது. புள்ளிகளுக்கு முதல் காரணம், வந்த வெளிச்சமே குறைவு என்பதுதான். 400-இல் இருட்டாக எடுத்த ஜேபெக் படத்தை வீட்டில் வெளிச்சமாக்கினால், 1600-இல் சரியாக எடுத்ததைவிட மோசமாகவே வரும்.

குற்றாலப் பேரருவியில் தேர்வு இரண்டு. நீர் பட்டு இழை போல வழிய வேண்டுமா, துளித்துளியாகச் சிதற வேண்டுமா? மேகமூட்டத்தில் ஐஎஸ்ஓ 100, எஃப் 11 வைத்தால் ஷட்டர் ஏறக்குறைய 1/30 நொடி கிடைக்கும். பட்டு இழைக்கு 1/4 நொடியாவது வேண்டும். சிலர் இதற்காகக் கேமராவில் உள்ள ஐஎஸ்ஓ 50-க்கு இறங்குவார்கள். வேண்டாம். பல கேமராக்களில் அது நீட்டிக்கப்பட்ட அளவு. வெள்ளை நுரையின் விவரம்தான் முதலில் போகும். எஃப் 22 வரை மூடுவதும் படத்தின் கூர்மையைக் குறைக்கும். 100-லேயே நின்று, வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காக்கும் என்டி 8 ஃபில்டரும் டிரைபாடும் வைப்பதே சரி. அப்போது ஆட்டோ ஐஎஸ்ஓவை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஃபில்டர் குறைத்த வெளிச்சத்தை ஐஎஸ்ஓவை ஏற்றிக் கேமரா ஈடுகட்டிவிடும்.

துளி உறைந்து நிற்க 1/1000 வேண்டும். அதே மேகத்தில், எஃப் 4-இல் ஐஎஸ்ஓ 400 போதும். சாரல் அடர்ந்து இருட்டினால் 1600. குளிப்பவர்களை அவர்கள் அறியாமல் எடுக்க எந்த ஐஎஸ்ஓவும் சரியான ஐஎஸ்ஓ இல்லை.

சூரியகாந்திக்கு நல்ல வெயிலில் 100 தாராளம்: எஃப் 8, 1/500. மேகம் மறைத்தால் பலர் ஷட்டரை 1/60-க்கு இறக்குகிறார்கள். மலைக்காற்றில் பூ தலையாட்டுவதால் இதழ் குழம்பிவிடும். ஷட்டரைத் தொடாமல் 800-க்கு ஏற்றுவதே மேல்.

தென்காசிக் கோபுரம் காற்றுக்குப் பேர்போனது. 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய காசி விஸ்வநாதர் கோயிலின் ராஜகோபுரம் இடிந்து கிடந்து, 1990-இல் மீண்டும் உயர்ந்து நின்றது. உயரம் சுமார் 180 அடி. அந்தி விளக்கில் அதை எடுக்க ஐஎஸ்ஓ 100-இல் 4 நொடி தேவைப்படுகிறது என்றால், கோபுர வாசலில் பாயும் காற்றில் மெல்லிய டிரைபாட் அவ்வளவு நேரம் அசையாமல் நிற்காது. 800-க்கு ஏற்றினால் அரை நொடியில் முடிந்துவிடும். குற்றாலம் சித்திர சபை இதற்கு நேர்மாறு. சுவர் ஓவியம் அசையாது, காற்றும் தொல்லை தராது. அனுமதி பெற்று, ஃபிளாஷ் இல்லாமல், டிரைபாடில் 100. டிரைபாடுக்கு அனுமதி இல்லையென்றால் மட்டும் 1600, 3200.

கடையநல்லூர் நிக்காஹ் வீடுகளிலும் கல்யாண மண்டபங்களிலும் நின்று கணக்குப் போட நேரமிருக்காது. அங்கே ஆட்டோ ஐஎஸ்ஓ நல்ல துணை. ஆனால் கடிவாளம் வேண்டும். குறைந்தபட்ச ஷட்டர் 1/125, உச்ச வரம்பு 6400 என்று குறித்துவிட்டால் மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும். சில எல்இடி விளக்குகளில் படத்தின் குறுக்கே பட்டை விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. ஷட்டரை 1/100-க்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

புள்ளியைக் கணினி மென்பொருள் பெருமளவு நீக்கித் தரும். ரா ஃபைலாக இருந்தால் இன்னும் நன்றாக. மணப்பெண் திரும்பிய வேகத்தில் கலங்கிய முகத்தை அப்படி மீட்க முடியாது. ஆகவே முதலில் ஷட்டர், அடுத்து அப்பர்ச்சர், மிச்சத்துக்கு ஐஎஸ்ஓ.

உங்கள் கேமராவின் எல்லை விளம்பரத்தில் அச்சிட்ட உச்ச எண் அல்ல. சாரல் சீசனுக்கு முன் ஒரு மாலை, வீட்டுக்குள் ஒரே காட்சியை 800, 1600, 3200, 6400, 12800 என்று எடுத்து, நீங்கள் வழக்கமாகப் போடும் அளவில் பிரிண்ட் போட்டுப் பாருங்கள். கண்ணை உறுத்தாத கடைசி எண்ணையே ஆட்டோவின் உச்ச வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள்.