மக் வெளுத்தால் தாளைப் பாருங்கள்

பிறந்தநாள் மக்கில் குழந்தையின் முகம் பளிச்சென்று விழுந்திருக்கும். கைப்பிடிப் பக்கம் உள்ள பெயர் மட்டும் வெளுத்துக் கிடக்கும். நான் பார்த்த கடைகளில் பெரும்பாலும் கை உடனே போவது சூட்டைக் கூட்டும் பட்டனுக்குத்தான். அடுத்த மக்கில் பெயர் ஓரளவு தேறுகிறது. ஆனால் குழந்தையின் கறுப்பு முடி பழுப்பேறி, கோடுகள் கசிந்துவிடுகின்றன. ஒன்று போய் இரண்டு மக் வீண்.

படத்தைச் சப்ளிமேஷன் மையால் தாளில் அச்சிட்டு, அந்தத் தாளை மக்கில் சுற்றி ஹீட் பிரஸ்ஸில் வைக்கிறோம். மையின் சாயம் சூட்டில் உருகி ஒட்டுவதில்லை. நேரே ஆவியாகி, மக்கின் மேலிருக்கும் பாலியெஸ்டர் கோட்டிங்குக்குள் போய்க் குடியேறுகிறது. அதற்குச் சூடு, அழுத்தம், நேரம் மூன்றும் படத்தின் எல்லா இடத்திலும் கிடைத்தாக வேண்டும். 180 டிகிரி செல்சியஸ், 3 நிமிடம் என்று பலரும் தொடங்குகிறார்கள். திரையில் தெரியும் எண்ணோ சென்சார் இருக்கும் இடத்துச் சூடு. ஹீட்டரின் ஓரத்துக்கு அது பொறுப்பேற்காது.

கோளாறைக் காட்டிக்கொடுப்பது, உரித்ததும் குப்பைக்குப் போகும் தாள். மக் வெளுத்த இடத்தில் தாளில் நிறம் அடர்த்தியாகத் தங்கியிருந்தால், அங்கே சூடோ அழுத்தமோ போதவில்லை. படம் முழுக்க ஒரே சீராக மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஓடினால் பிரஸ்ஸைத் திட்டிப் பயனில்லை, மை வரும் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று பிரிண்டரில் நாசில் செக் எடுக்க வேண்டும். நிறம் தாளை விட்டுப் போயும் மக்கில் ஏறாமல் திட்டுத் திட்டாக இருந்தால் கோட்டிங் மேல் சந்தேகம் வரலாம்.

பழி பிரஸ்ஸுக்கா மக்குக்கா என்று தீர்க்க ஒரு எளிய சோதனை உண்டு. ஒரே நிறம் நிரம்பிய தாளைச் சுற்றி ஒரு மக்கை அடியுங்கள். அதே பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்து, வாய்ப்பக்கம் எதிர்த்திசையில் இருக்கும்படி வைத்து அடியுங்கள். வெளுப்பு பிரஸ்ஸின் அதே முனையிலேயே நின்றால் குற்றவாளி ஹீட்டர். மக்கோடு சேர்ந்து இடம் மாறினால் மக்தான்: அடி குறுகிய வடிவமாக இருந்து அந்தப் பக்கம் அழுத்தம் விட்டுப்போயிருக்கும், அல்லது கோட்டிங் சீராக இருக்காது.

கைப்பிடி அருகே ஏற்படும் வெளுப்புக்கு இத்தனை ஆராய்ச்சி தேவையில்லை. ஹீட்டர் அங்கே முழுசாகச் சுற்றிக்கொள்வதில்லை. எழுத்தையும் முகத்தையும் கைப்பிடியிலிருந்து தள்ளி வடிவமைப்பதே மலிவான வைத்தியம். எத்தனை இறுக்கினாலும் அந்த இடைவெளி மூடாது.

மழைக்காலத்தில் வேறு தொல்லை. தாள் ஈரம் இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் சூட்டில் நீராவியாகி நிறத்தைக் கலைக்கும். தாளைக் கட்டுப் பிரித்தபடி விடாமல் மூடி வைப்பதும், மக்கைப் பஞ்சு ஒட்டாத துணியால் துடைப்பதும் போதும். நிழல்போல் இரட்டை உருவம் விழுந்தால் தாள் நகர்ந்திருக்கிறது. ஹீட் டேப்பை இழுத்து ஒட்டவேண்டும்.

சூடு, நேரம், அழுத்தம் மூன்றையும் ஒரே மக்கில் மாற்றிவிட்டால் எது பலித்தது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, அந்த அளவை மக்கின் அடியிலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள்.