சஃபாரி போக ஆறு லட்சம் போதுமா?

அரும்பாவூர்ல மரச்சிற்பப் பட்டறை வச்சிருக்கற சப்ஸ்கிரைபர் ஒருத்தர் கேட்டிருந்தாரு: "கோயிலுக்கு சிம்ம வாகனமா செதுக்கியாச்சு, நிஜ சிங்கத்தை மசாய் மாராவுல பாக்கணும். எனக்கும் மனைவிக்கும் சேத்து ஆறு லட்சம் வச்சிருக்கேன், போதுமா?"

முதல்ல மாசத்தை முடிவு பண்ணுங்க. 2024-ல இருந்து வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் ஒரு ஆளுக்கு, ஒரு நாளைக்கு, ஜனவரி–ஜூன்ல 100 டாலர், ஜூலை–டிசம்பர்ல 200 டாலர். ரெண்டு பேர், மூணு நாள்னா 600 டாலர் வித்தியாசம். டாலர் 85 ரூபாய்னு வச்சாலே 51,000! வில்டபீஸ்ட் கூட்டம் ஆத்தைத் தாண்டறதைப் பாக்கணும்னாதான் ஜூலைக்கு மேல போகணும். சிங்கம் வருஷம் பூரா அங்கேயேதான் இருக்கு. ஏப்ரல், மே மழை; அதனால ஜனவரி, பிப்ரவரிதான் என் சாய்ஸ்.

அடுத்தது டிசிஎஸ். 2025-26 நிதியாண்டில் 10 லட்சம் வரையிலான வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு 5%-ஆ இருந்துச்சு. அந்தக் கணக்குல ஆறு லட்சத்துக்கு 30,000. இது உங்க பான் கணக்குல ஏறும், ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கழிச்சுக்கலாம். ஆனா ரீஃபண்ட் வர்ற வரைக்கும் அது கையை விட்டுப் போன காசுதான். அதனால ஐந்தரை லட்சத்துக்குள்ள பேக்கேஜ் பேசுங்க.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கிளம்பறதுக்கு 10 நாள் முன்னாடியே போட்டுடுங்க. சான்றிதழ் இல்லாம திரும்பினா, இங்க 6 நாள் வரை தனிமைப்படுத்திடுவாங்க. வயசு 60 தாண்டியிருந்தா டாக்டரைக் கேட்டுட்டு போடுங்க.