மெயிலைத் தேடித் தரும் ஏஐ: ஏப்ரல் 1 காலை வந்த பில் எங்கே போச்சு?

2024-25 நிதியாண்டுக்கான வரித் தாக்கல் சீசன்ல நடந்த விஷயம் இது. ஆம்பூர்ல ஷூ மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட், நம்ம திருப்பத்தூர் ஆபீஸ் கிளையன்ட். கொள்முதல் பில் எல்லாம் அவருக்கு மெயில்லதான் வரும். "சார், இந்த வருஷம் நான் உட்கார்ந்து தேடல, ஏஐ எடுத்துக் கொடுத்துடுச்சு"ன்னு ஒரு எக்ஸெல் ஷீட் அனுப்பினார். மொத்தம் 100 பில். சரியா 100.

ஆடிட்டர் வேலைக்கு வந்துட்டா ஒரு பழக்கம் ஒட்டிக்கும். கணக்கு சரியா நூறு, சரியா ஆயிரம்னு வந்து நின்னா உடனே சந்தேகம் வரும். மெயிலைத் திறந்து நானே எண்ணினேன். 160-ஐத் தாண்டிச்சு.

அறுபது பில் விடுபட்டா என்ன ஆகும்? செலவு குறையும், லாபம் கூடும், கட்ட வேண்டாத வருமான வரியைக் கட்டுவார். ஜிஎஸ்டி இன்புட் கிரெடிட்டும் போகும். அந்த வருஷத்து பில்லுக்குக் கிரெடிட் எடுக்க 2025 நவம்பர் 30 வரைதான் கெடு இருந்தது. அதுக்கு முன்னாடியே ஆண்டு ரிட்டர்ன் போட்டுட்டா அன்னிக்கே முடிஞ்சது.

சரி, ஏஐ ஏன் நூறோட நிறுத்திச்சு? ஏஐ ஏஜென்ட் தானா உங்க மெயிலைத் திறக்காது. நடுவில் ஒரு தேடல் டூல் இருக்கு. அதுதான் ஜிமெயிலிடம் கேட்டு வாங்கித் தரும். அந்த டூல் என்ன செய்யும், எப்படிக் கேட்கணும்னு எழுதி வச்சிருக்கும் விளக்கக் குறிப்பைத்தான் ஏஜென்ட் படிக்கும். டாக்குமென்டேஷன்னு சொல்றாங்களே, அது. இந்த டூலோட குறிப்பை வாங்கிப் பார்த்தேன். ஒரே வரி: பயனரின் மெயிலைத் தேடித் தரும். அவ்வளவுதான். ஆர்டிகிள்ஷிப்புக்குப் புதுசா வந்த பையன்கிட்ட "பில் எடுத்துட்டு வா"ன்னு மட்டும் சொன்ன மாதிரி. பையனாவது திரும்பி வந்து "எந்த வருஷம் சார்?"னு கேட்பான்.

இதுல வேடிக்கை என்னன்னா, கூகுள் தன் பக்கத்தில் எல்லாத்தையும் தெளிவாவே எழுதி வச்சிருக்கு. ஜிமெயில் ஏபிஐ ஒரு தடவைக்குத் தானாகக் கொடுப்பது 100 மெயில். கேட்டா அதிகபட்சம் 500. மிச்சம் இருந்தா அடுத்த பக்கத்துக்கு ஒரு டோக்கன் கொடுக்கும், அதை வச்சுத் திரும்பக் கேட்கணும். டூல் செஞ்சவங்க இதைக் குறிப்பில் எழுதல. ஏஜென்ட்டும் முதல் பக்கத்தையே மொத்தக் கணக்குன்னு சொல்லிடுச்சு.

எல்லாப் பக்கத்தையும் எடுக்க வச்ச பிறகும் கணக்கு சேரல. 2024 ஏப்ரல் 1 காலை 10 மணிக்கு வந்த ஒரு பில் லிஸ்ட்ல இல்லை. 2025 ஏப்ரல் 1 காலை வந்த ஒண்ணு உள்ளே உட்கார்ந்திருக்கு. எனக்கே இது புரிய அரை நாள் ஆச்சு. ஏபிஐ வழியா தேதி போட்டுத் தேடினா, ஜிமெயில் அதை அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் நள்ளிரவுன்னு எடுத்துக்கும். இதுவும் கூகுள் எழுதி வச்சதுதான். அங்கே நள்ளிரவுன்னா நமக்கு மதியம் 1.30 மணி, அவங்க கோடை நேரத்தில் 12.30. அதனால நம்ம நிதியாண்டு ஏப்ரல் 1 மதியத்துக்கு மேலதான் பிறக்குது! துல்லியமா வேணும்னா தேதிக்குப் பதிலா வினாடி எண் கொடுக்கலாம். 2024 ஏப்ரல் 1 இந்திய நள்ளிரவுக்கு 1711909800, 2025 ஏப்ரல் 1-க்கு 1743445800.

ஆனா நான் சொல்றது வேற வழி. கணக்குக்குத் தேவை பில்லில் இருக்கும் தேதி, மெயில் வந்த தேதி இல்லை. மார்ச் 31 பில் ஏப்ரல் 5-ல் வரும். சம்பளக்காரங்களுக்கு ஃபார்ம் 16 கொடுக்க ஜூன் 15 வரை டைம் இருக்கு; ஏப்ரல் முதல் மார்ச் வரை மட்டும் தேடினா அது சிக்கவே சிக்காது. அதனால மார்ச் நடுவில் ஆரம்பிச்சு அடுத்த வருஷம் ஜூன் கடைசி வரை அகலமா வலை வீசுங்க. உள்ளே வந்ததைப் பில் தேதியை வச்சுப் பிரிங்க.

இன்னும் சில சின்ன விஷயம். ஸ்பேம், ட்ராஷ் ரெண்டையும் தனியாச் சொன்னாத்தான் ஏபிஐ தேடும். பாஸ்வேர்ட் போட்ட பேங்க் ஸ்டேட்மென்ட் பிடிஎஃப்பை, பாஸ்வேர்ட் கொடுக்காம ஏஜென்ட்டால் படிக்க முடியாது; மெயிலின் மேல் வரிகளை மட்டும் பார்த்து ஏதாவது தொகை சொன்னா நம்பாதீங்க. அதுக்காகப் பாஸ்வேர்டைத் தூக்கிக் கொடுத்துடாதீங்க.

அனுமதி விஷயத்துக்கு வருவோம். "தேட மட்டும்தான் அனுமதி கேட்கிறோம்"னு ஒரு டூல் சொன்னா, கொஞ்சம் நில்லுங்க. அனுப்பினவர், தலைப்பு மாதிரி மேல் விவரத்தை மட்டும் பார்க்கும் ஒரு அனுமதி ஜிமெயிலில் இருக்கு. அதை வச்சு வார்த்தை போட்டுத் தேட முடியாது. ஆக, ஜிமெயிலில் தேடும் டூல் உங்க மெயில் முழுக்கப் படிக்கும் அனுமதியோடதான் இருக்கு. டாக்டர் ரிப்போர்ட், பேங்க் லெட்டர், எல்லாம். அதைக் குறிப்பில் நேரா எழுதாத டூலை நான் கிளையன்ட்டுக்குச் சொல்ல மாட்டேன். வேலை முடிஞ்சதும் கூகுள் கணக்குக்குப் போய் இணைப்பைத் துண்டிச்சிடுங்க.

ஏஜென்ட்கிட்ட இப்படிக் கேளுங்க: "எல்லாப் பக்கத்தையும் எடு. எத்தனை பக்கம் எடுத்தேன்னு சொல். எந்தத் தேதி, எந்த நேர மண்டலத்தில் தேடினேன்னு எழுது. ஸ்பேமையும் பார்." பதில் சொல்லத் திணறினா, அந்த டூலோட குறிப்பில் அது இல்லைன்னு புரிஞ்சுக்கலாம்.

வந்த லிஸ்ட்டை அப்படியே என்கிட்ட அனுப்பாதீங்க. வியாபாரம் செய்றவங்க போர்ட்டலில் ஜிஎஸ்டிஆர்-2பி எடுத்து வரிக்கு வரி ஒப்பிடுங்க. சம்பளம், வட்டி, டிவிடெண்ட் இருக்கிறவங்களுக்கு ஏஐஎஸ் இருக்கு. ஆம்பூர் கிளையன்ட்டுக்கு அப்படி ஒப்பிட்டப்போ கடைசியா ரெண்டு பில் குறைஞ்சது. ரெண்டும் ஸ்பேமில் கிடந்தது.