பீடிங்குக்கு வார்னிஷ் அடிக்கத் தின்னர் எவ்வளவு?

கதவு நிலையைச் சுற்றி வரும் பீடிங்குக்கு ஸ்ப்ரே கன்னில் வார்னிஷ் அடிக்க, லிட்டருக்கு இத்தனை மில்லி தின்னர் என்று ஒரே அளவை எல்லாக் காலத்துக்கும் சொல்பவர்கள் உண்டு. அந்தக் கணக்கு ஓசூர்ப் பக்கம் எளிதில் காலை வாரிவிடும். ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருக்கும் ஓசூரில் மார்கழிக் காலையில் கெட்டியாக நிற்கும் வார்னிஷ், ஐம்பது கிலோமீட்டர் தள்ளித் தாழ்வாக இருக்கும் கிருஷ்ணகிரியில் சித்திரை மதியத்தில் தின்னர் ஊற்றாமலேயே இளகியிருக்கும். ஆகவே அளக்க வேண்டியது தின்னரை அல்ல, கலவை ஓடும் வேகத்தை. பெயின்ட் கடைகளில் கிடைக்கும் 4ஆம் எண் போர்டு கப்பின் அடியில் ஏறக்குறைய 4 மி.மீ. துளை இருக்கும். துளையை விரலால் அடைத்து, கப்பை நிரப்பி, விரலை எடுத்ததும் நேரம் பாருங்கள். தாரை அறும்வரை 20 முதல் 25 விநாடி ஆனால் 1.4 மி.மீ. நாசில் உள்ள சாதாரண கன்னுக்குப் பெரும்பாலும் பொருந்தும். டின்னில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதுதான் செல்லும்.

முதலில் வார்னிஷை மெல்லிய துணியில் வடிகட்டி, லிட்டருக்கு 50 மில்லி தின்னர் விட்டு, நுரை எழும்பாமல் கிளறி அளவு பாருங்கள். போதாவிட்டால் இன்னொரு 50 மில்லி. குளிரில் கெட்டியாக இருந்தால் உடனே தின்னரைத் தேடாதீர்கள். தின்னர் விடுமுன்பே, மூடியைத் தளர்த்தி, அடுப்பிலிருந்து இறக்கித் தள்ளி வைத்த வெந்நீர்ப் பாத்திரத்தில் டின்னைச் சிறிது நேரம் வைத்தாலே இளகிவிடும். நெருப்பில் மட்டும் காட்டவே கூடாது. எண்ணெய் வார்னிஷுக்கு டர்பன்டைன், என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கருக்கு என்.சி. தின்னர், பி.யு.வுக்கு (பாலியூரிதேன்) அதற்கே உரிய தின்னர். என்.சி. தின்னரில் ஆல்கஹால் கலந்திருக்கக்கூடும், அது பி.யு.வின் ஹார்டனரோடு வினைபுரிந்து பூச்சைக் கெடுக்கும். விலை குறைவு என்று மாற்றி ஊற்றுவது வீண் செலவு.

தின்னர் கூடினால் டின் நிறையப் பரப்புக்கு வரும், மிச்சம்தானே என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கனஅளவில் பாதி திடப்பொருள் உள்ள வார்னிஷை 100 மைக்ரான் ஈரமாக அடித்தால் 50 மைக்ரான் தங்கும். பத்து சதவீதம் தின்னர் விட்டால் 45. சரிக்குச் சரி கலந்தால் வெறும் 25. மீதி காற்றில் போகிறது. அதற்கும் நீங்கள்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள். சமதளப் பலகையைவிடப் பீடிங்கில் இந்தக் குறை சீக்கிரம் தெரியும். தண்ணீராக ஓடும் கலவை கூர்முனையை விட்டு விலகிப் பள்ளத்தில் சேரும். நின்றபடி இருக்கும் சட்டத்தில் அந்தப் பள்ளத்தின் அடியில் ஒரு சொட்டு திரண்டு, காய்ந்ததும் மஞ்சள் மணியாக நிற்கும். முனைகளை முன்பே எமரி பேப்பரால் லேசாக மழுக்கி, பீடிங்கைச் சுவரில் அடிக்குமுன் படுக்கவைத்து, கன்னின் தெளிப்பு விசிறியைக் குறுக்கி, ஒரு சாண் தூரத்திலிருந்து இரண்டு மூன்று மெல்லிய கோட்டாக அடிப்பதே சரி.

அனுபவமுள்ள பாலிஷ்காரர் குச்சியில் சொட்டுவதைப் பார்த்தே பதம் சொல்வார், கப் எதற்கு என்று கேட்கலாம். அவர் கண் பொய் சொல்வதில்லை. ஆனால் அது காட்டுவது அந்த நேரத்துப் பதம். காலை ஏழு மணிக்குக் கலந்தது மதியம் இன்னும் இளகி வழியும். அதனால் வெயில் ஏறியதும் மறுபடி அளக்க வேண்டும். கடும் வெயிலில் துளிகள் மரத்தைத் தொடுமுன்பே உலர்ந்து சொரசொரப்பானால், அதே தின்னரைக் கூட்டுவதால் பயனில்லை. மெதுவாக ஆவியாகும் தின்னருக்கு மாறுங்கள்; கிடைக்காவிட்டால் காலையிலேயே வேலையை முடியுங்கள்.

தூசிக்குக் கட்டும் துணி முகமூடி தின்னர் ஆவியைத் தடுக்காது. கரிவடிப்பான் பொருத்திய மாஸ்க் போடுங்கள். எண்ணெய் வார்னிஷ் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், அது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.